பிக்அப் வண்டிக்குப் புது செட்: எதைப் பார்த்து வாங்குவது?

“முருங்கை, தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவதற்காகப் பழைய பிக்அப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இருந்த பாட்டு செட் பழுதாகிவிட்டது. செல்போனோடு இணைகிற மாதிரி புது செட் போடலாம் என்று நினைக்கிறேன். பெரிய ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போடச் சொல்கிறான் மகன். 1,500 ரூபாய் செட்டே போதும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?”

ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்.

விலையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வண்டியில் செல்போன் எதற்குத் தேவைப்படுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். காய்கறி ஏற்றிப் போகிறவருக்குப் பாட்டு ஒரு துணை, அவ்வளவுதான். போன்தான் தொழில். ‘இன்னைக்கு வரத்து அதிகம், விலை இறங்கிடுச்சு’ என்று கமிஷன் மண்டியிலிருந்து தகவல் வருவதும், ‘பத்து மூட்டை இன்னும் மிச்சம் இருக்கு, திரும்பி வர்றீங்களா’ என்று தோட்டத்திலிருந்து ஆள் கூப்பிடுவதும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். இருட்டில், பாரம் ஏற்றிய வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையில் போனைக் காதில் வைத்துப் பேசுகிற பழக்கம் நம் சாலைகளில் சாதாரணமாகிவிட்டது. 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ம் பிரிவு, கையில் போனைப் பயன்படுத்தியபடி வண்டி ஓட்டுவதை ‘ஆபத்தான முறையில் ஓட்டுதல்’ என்ற குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு.

ஆகவே, இந்த வாசகர் வாங்கப்போகும் செட்டை அதன் பேச்சை வைத்துத்தான் எடைபோட வேண்டும். மண்டிக்காரர் சொல்லும் விலை இவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். டீசல் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே இவர் பேசுவது அவருக்கும் புரிய வேண்டும். ‘என்ன? என்ன?’ என்று நாலு தடவை கேட்க வைக்கிற செட் இருந்தால், ஓட்டுகிறவர் கடைசியில் போனைக் கையில்தான் எடுப்பார்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் போன் பேச முடியுமா, பாட்டு மட்டும்தானா?’ என்பது. ப்ளூடூத் என்று அட்டையில் போட்டிருந்தாலே பேசலாம் என்று அர்த்தம் ஆகாது. பாட்டு வருவதற்கு ஒரு வசதி, அழைப்பு வருவதற்கு வேறொரு வசதி. மலிவான சில செட்களில் பாட்டுக்கான வசதி மட்டுமே இருக்கும். ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ என்று அட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது மைக். செட்டின் முகப்பிலேயே ஊசித்துளை போல மைக் வைத்திருப்பார்கள். ஓட்டுநரின் வாயிலிருந்து அது இரண்டு, மூன்று அடி தள்ளி, கியர் கம்பிக்கு மேலே, இன்ஜின் அதிர்வு நேராக வந்து மோதுகிற இடத்தில் இருக்கும். கார்களுக்கு இது ஓரளவு சரிப்படும். ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டுகிற பிக்அப்புக்குச் சரிப்படாது. தனி வயரோடு வருகிற வெளி மைக்கைச் செருக வசதி இருக்கும் செட்டாக வாங்குவதுதான் நல்லது. அந்த மைக்கை, கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில், ஓட்டுநரின் முகத்துக்கு நேராக ஒட்டிவிடலாம். காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் எதிர்முனைக்காரருக்குப் புயல் சத்தம்தான் கேட்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை. கடைக்காரரின் போனை விட்டுவிட்டு, உங்கள் போனையே செட்டில் இணைக்கச் சொல்லுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஜன்னலைத் திறந்துவைத்து, வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். ‘குரல் எப்படிக் கேட்கிறது?’ என்று அவர்களையே கேளுங்கள். கடைக்குள் மேஜை மேல் வைத்து ஒரு சினிமா பாட்டைப் போட்டுக் காட்டினால் எல்லா செட்டும் நன்றாகத்தான் இருக்கும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ப்ளூடூத் உள்ள பட்டன் போன்கள் பலவும் இணையும். ஆனால், உங்கள் போன் இணைகிறதா என்பதை இணைத்துப் பார்த்துதான் சொல்ல முடியும். அப்பா, மகன் இரண்டு பேரும் ஓட்டுகிற வண்டியாக இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு போன்களை ஏற்கிற செட் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம்.

இனி மகன் கேட்கும் பெரிய ஸ்கிரீன். டேஷ்போர்டில் இருக்கும் ஓட்டையை முதலில் அளந்து பார்க்க வேண்டும். சுமார் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அது ‘சிங்கிள் டின்’. உயரம் 10 சென்டிமீட்டர் இருந்தால் ‘டபுள் டின்’. டின் என்பது ஜெர்மனி நாட்டுத் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச்சுருக்கம். அவர்கள் வகுத்த அளவைத்தான் உலகம் முழுக்க செட் செய்கிறவர்கள் பின்பற்றுகிறார்கள். அதனால்தான் எந்த நிறுவனத்தின் செட்டும் எந்த வண்டியிலும் உட்காருகிறது. ஓட்டை சிங்கிள் டின்னாக இருந்து, டேஷ்போர்டை அறுத்து ஸ்கிரீன் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அறுத்த டேஷ்போர்டு மேடு பள்ளத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு வண்டியை விற்கும்போதும் அது விலையைக் குறைக்கும்.

ஸ்கிரீனால் உண்மையான பயன் ஒன்று உண்டு: பின்பக்கக் கேமரா. பாரம் ஏற்றிய பிக்அப்பில் உள் கண்ணாடியால் பயன் இல்லை. வாசலில் குழந்தைகள் விளையாடும் வீட்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேமரா ஓர் உயிரைக் காப்பாற்றலாம். இதற்காக மகன் ஸ்கிரீன் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வழி காட்டும் மேப்பும் புது ஊருக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்கு உதவும். ஆனால், ஸ்கிரீனில் இரண்டு ரகம் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நம் போனில் இருப்பதையே திரையில் காட்டும் ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’ வசதி உள்ளது. வேலையெல்லாம் போன் பார்த்துக்கொள்ளும். திரை காட்டும், அவ்வளவுதான். போன் நன்றாக இருக்கும்வரை இதில் தொல்லை குறைவு. இன்னொன்று, செட்டே ஒரு டேப்லெட் போல ஆண்ட்ராய்டில் ஓடுவது. ‘1 ஜிபி’, ‘2 ஜிபி’ ராம் என்று போட்டு மலிவாக விற்பது பெரும்பாலும் இந்த ரகம். சாவியைத் திருப்பியபின் அது கண் விழிக்கவே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வரும் போனை எடுக்க முடியாது. இரண்டு ரகத்தின் பெயரிலும் ஆண்ட்ராய்டு இருப்பதால் கடையில் குழப்பிவிடுகிறார்கள்.

ஸ்கிரீன் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டி ஓடும்போது படம் ஓடாமல் தடுக்க, ஹேண்ட்பிரேக்கோடு இணைக்க வேண்டிய வயர் ஒன்று செட்டில் வரும். சில கடைகளில் அந்த வயரை நேராக எர்த்தில் கொடுத்துவிடுகிறார்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதாக செட் நம்பிக்கொண்டு, 80 கிலோமீட்டர் வேகத்திலும் சினிமா காட்டும். அப்படிச் செய்ய விடக்கூடாது.

இந்த வாசகரின் வண்டியில் இருப்பது சிறிய ஓட்டையாக இருந்தால், சிடி போடும் வாய் இல்லாத ‘மெக்லெஸ்’ வகை சிங்கிள் டின் செட்டே அவருக்குப் பொருந்தும். மண்சாலைத் தூசியில் சிடி வாய் சீக்கிரம் கெட்டுவிடும். அதற்குப் பணம் கொடுப்பது வீண். சோனி, பயோனியர், ஜேவிசி, கென்வுட் போன்ற நிறுவனங்களின் செட்களில் வெளி மைக்குக்கு வசதி இருக்கிறதா என்று மாடலைப் பார்த்துக் கேட்க வேண்டும். இவை பொதுவாக 1,500 ரூபாய் செட்டைவிட இரண்டு, மூன்று மடங்கு விலையில் இருக்கும். அந்த வித்தியாசம் ஒரு நாள் லோடு வாடகை. அழைப்பு தெளிவாகக் கேட்குமென்றால், அது தாராளமாகக் கொடுக்கக்கூடிய காசு. ஒலியைக் கூட்ட, குறைக்கப் பெரிய உருண்டைத் திருகு இருக்கும் மாடலாகப் பாருங்கள். குண்டும் குழியுமான சாலையில், கண்ணை எடுக்காமல் கையால் தடவியே பிடிக்கலாம். தொடுதிரையில் அது நடக்காது.

அட்டையில் போட்டிருக்கும் ‘50 வாட்ஸ் x 4’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த மின்னழுத்தத்தில் செட் தரக்கூடிய சுத்தமான ஒலி, கணக்குப்படி 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்ஸை ஒட்டியே இருக்கும். இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. செட்டின் பின்பக்கம் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் பியூஸ் என்றால், பத்தை 14-ஆல் பெருக்குங்கள்: 140 வாட்ஸ். உள்ளே போவதே இவ்வளவுதான் என்றால், 200 வாட்ஸ் எப்படி வெளியே வரும்? ‘1,000 வாட்ஸ்’ என்று அச்சடித்த செட்களையும் கடைகளில் பார்க்கலாம். அதைத் தருவதற்கு 70 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அத்தனை மின்சாரத்தைத் தாங்க விரல் தடிமனுக்கு வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

பழைய ஸ்பீக்கரை எடுத்த எடுப்பில் தூக்கிப்போட வேண்டாம். அதன் காகிதக் கூம்பு கிழியாமல் இருந்து, ஒரு டார்ச் லைட் செல்லை அதன் இரண்டு முனைகளிலும் தொட்டு எடுக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வந்தால் அது உயிரோடு இருக்கிறது. ஒரே வாயில் இரண்டு ஸ்பீக்கர்களைச் சேர்த்துக் கொடுப்பது மட்டும் கூடாது. செட் சூடாகிப் போய்விடும்.

நல்ல செட்டையும் கெடுப்பது வயரிங்தான். செட்டிலிருந்து வரும் மஞ்சள் வயர் பேட்டரியின் நிரந்தர மின்சாரத்துக்கு. நினைவில் வைத்துக்கொள்ளவும், செட் ஓடத் தேவையான முக்கிய மின்சாரத்துக்கும் அதுதான். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. கறுப்பு, எர்த்துக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நிறங்கள் ஸ்பீக்கர்களுக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த நிறங்களைத்தான் பின்பற்றுகின்றன. இருந்தாலும், செட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவசரக்கார எலெக்ட்ரீஷியன் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கொடுத்துவிடுவார். செட் நன்றாகப் பாடும். சாவியை எடுத்த பிறகும் உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். அது 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் அவருக்கு மேல் போகிறது. மாருதி ஆம்னி போன்ற வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பாதிக்கு மேல் காலி. நாலாவது நாள் விடியற்காலையில், காய் ஏற்றி முடித்த பிறகு செல்ஃப் எடுக்காது. மார்க்கெட் நேரம் தப்பிய தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும் என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். செட்டை மாட்டி முடித்ததும், செட்டை அணைக்காமலே சாவியை எடுத்துவிடுங்கள். செட் தானாக அணைய வேண்டும். மறுபடி சாவி போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இரண்டும் நடந்தால் வயர் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் இருக்க வேண்டும். செட்டின் பின்னால் இருக்கும் பியூஸ் செட்டை மட்டும்தான் காக்கும். நடுவில் எங்காவது வயர் தேய்ந்து இரும்பில் பட்டால், அதைத் தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது, வண்டி தீப்பிடிக்கும். எரிந்த பியூஸுக்குப் பதிலாக சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வண்டியின் வயரை வெட்டி முறுக்குவதைவிட, அந்த வண்டிக்கான கப்ளரை வாங்கி இடையில் செருகுவது நல்லது. வாரன்டி முடியாத வண்டியாக இருந்தால், வயரை வெட்டியதைக் காரணம் காட்டி, எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கு வாரன்டி கிடையாது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். விலை கூடிய ஸ்கிரீன் போடுகிறவர்கள், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது அதைத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் திருட்டு, விபத்து இழப்பீட்டில் அதுவும் சேரும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பெரிய லாரிகளில் 24 வோல்ட். இங்கே சொன்ன செட்கள் எல்லாம் 12 வோல்ட். இடையில் கன்வெர்ட்டர் இல்லாமல் மாட்டினால் அன்றைக்கே எரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும், பேசிக்கொண்டே ஓட்டுவது ஆபத்துதான். கை இரண்டும் ஸ்டீரிங்கில் இருந்தாலும் மனசு மண்டியில் இருக்கும். ‘வந்துகிட்டு இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்’ என்று சொல்லிவிட்டு, ஓரமாக நிறுத்திப் பேரம் பேசுங்கள். ஒற்றைப் பட்டனில் போனை எடுத்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிவதுதான் இந்த செட்டால் கிடைக்கும் பெரிய நன்மை.

“டிராக்டரில் செட் மாட்டலாம் என்று இருக்கிறேன். இன்ஜின் சத்தத்தில் பாட்டும் கேட்க வேண்டும், போனும் பேச வேண்டும். எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் போடலாம்?”

ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி.

மாட்டலாம், டிராக்டரிலும் 12 வோல்ட்தான். ஆனால், இன்ஜின் சத்தத்தை அமுக்கும் அளவுக்கு ஸ்பீக்கர் வைப்பதை நினைக்கவே வேண்டாம். கேபின் இல்லாத டிராக்டரின் இரைச்சலே, நாள் முழுக்க ஓட்டுகிறவரின் காதுக்கு அதிகம். அதற்கு மேல் பாட்டையும் ஏற்றினால் செவித்திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறைந்தது திரும்ப வராது.

அதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் இருக்கிறது. ரோட்டவேட்டர் சுற்றும்போது, பி.டி.ஓ ஷாஃப்ட்டில் யாருடைய வேட்டியோ, துண்டோ மாட்டினால், அவர் போடும் கூச்சல் ஓட்டுநரின் காதில் விழ வேண்டும். அந்த ஒரு விநாடியில் கிளட்ச் மிதிபடவில்லை என்றால், பிறகு மிதித்துப் பயனில்லை. உழவு ஓடும்போது பாட்டும் வேண்டாம், ஹெட்போனும் வேண்டாம், போனும் வேண்டாம். போன் வந்தால் பி.டி.ஓ-வை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசலாம்.

டிரெய்லர் கட்டி ரோட்டில் போகும்போது துணைக்கு ரேடியோ வேண்டுமென்றால், சின்ன செட்டாக, கூரைக்கு அடியில் மழைச்சாரல் படாத இடத்தில், மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து மாட்டுங்கள். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கும் அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும். இரும்பு பானெட்டை ஒட்டி வயர் போகும் இடங்களில் ரப்பர் குழாய் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். டிராக்டர் அதிர்வில் வயர் தேய்வது மற்ற வண்டிகளைவிட வேகமாக நடக்கும்.

“புது ப்ளூடூத் செட்டில் பாட்டு, போன் எல்லாம் நன்றாக இருக்கிறது. திருச்சி வானொலி மட்டும் வரவில்லை. பழைய டேப் செட்டில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் செட்டிலும் இதே தொல்லை.”

ஒரு வாசகர், லால்குடி.

திருச்சி வானொலியை அவர் பழைய செட்டில் கேட்டது மத்திய அலையில், 936 கிலோஹெர்ட்ஸில். இப்போது வரும் மலிவான செட்கள் பலவற்றில் எஃப்.எம் மட்டுமே இருக்கிறது; மத்திய அலையே கிடையாது. செட்டில் ‘ஏ.எம்’ என்ற எழுத்து எங்கும் இல்லை என்றால் காரணம் அதுதான். மாற்றிக் கொடுக்கச் சொல்வதைத் தவிர வழியில்லை.

ஏ.எம் இருந்தும் வரவில்லை என்றால், செட் அமெரிக்காவுக்கான அமைப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே மத்திய அலை நிலையங்கள் பத்துப் பத்தாகத் தள்ளி இருக்கும். செட் 930-லிருந்து 940-க்குத் தாவிவிடும்; நடுவில் இருக்கும் 936 அதன் கண்ணில் படாது. நம் நாட்டில் ஒன்பது ஒன்பதாகப் போக வேண்டும். எஃப்.எம்-மிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க அமைப்பில் 100.5 போல ஒற்றைப்படையில் முடியும் எண்கள் மட்டும் வரும். அதனால் கொடைக்கானல் பண்பலை கிடைக்கும், சென்னையின் 101.4 கிடைக்காது. செட்டின் மெனுவில் ‘ரீஜன்’ அல்லது ‘ஏரியா’ என்ற இடத்தில் ஆசியா அல்லது ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

அதன் பிறகும் இரைச்சலாக இருந்தால், லைட்டர் சாக்கெட்டில் செருகியிருக்கும் செல்போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜரும் எல்.இ.டி விளக்கும் மத்திய அலையைக் கெடுக்கும். ஆன்டெனாவுக்கு மின்சாரம் கொடுக்கும் நீல வயரை இணைக்காமல் விட்டிருந்தாலும் ஒலி மங்கும். சில வண்டிகளில் மட்டும் அது தேவைப்படும்.

எதுவும் சரிப்படவில்லை என்றால், பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியைப் போனில் ஏற்றி, அதில் திருச்சி நிலையத்தைத் தேர்ந்தெடுத்து ப்ளூடூத் வழியாகக் கேட்கலாம். இதற்கு டேட்டா செலவாகும். வயல்காட்டுப் பாதையில் சிக்னல் போனால் பேச்சு பாதியில் நிற்கும்.